காட்டுக்குள் வைத்த இரண்டு பொட்டலங்கள்

எனக்கு மன்னிக்க வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனது போகட்டும் என்று சொல்வேன் என யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், என் தம்பியின் வாழ்க்கையைக் கெடுத்தார். அவர் கடையில்தான் அப்போது நான் வேலை பார்த்தேன்.

சுனாமி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீடு கிள்ளைக்குப் பக்கத்தில், பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி இருந்தது. சுனாமி அன்று காலையில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே படகில் முகத்துவாரம் பக்கம் வலை எடுக்கப் போனார்கள். படகு மட்டும் கிடைத்தது. காட்டுக்குள் வெகுதூரத்தில் ஒரு சேற்றுத் திட்டில், சுரபுன்னை வேர்களுக்கு நடுவே, யாரோ தூக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் எந்தக் காரியத்தை எங்கே செய்வது? அதனால் அந்தத் திட்டுதான் எங்களுக்குச் சுடுகாடு, சமாதி எல்லாம்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் தம்பி படகைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே படையல் வைத்துவிட்டு வருவான். அப்பாவுக்கு ஒரு பொட்டலம் புரோட்டா, சித்தப்பாவுக்கு ஒரு பொட்டலம். சால்னா தனியாக. இரண்டு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி. வருஷத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு புது லுங்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பாட்டிலில் நல்ல தண்ணீர். அதில் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள். "உப்புத்தண்ணியக் குடிச்சி செத்த மனுசங்க. தொண்ட காஞ்சிபோயி கெடப்பாங்க. சோறு இல்லாட்டியும் பரவால்ல, தண்ணி வெக்காம வந்துடாத" என்பாள். அடுத்த அமாவாசைக்குப் போகும்போது பொட்டலம் பிரிந்து கிடக்கும், பாட்டில் உருண்டு கிடக்கும். நரியும் நண்டும் தின்றிருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

இதெல்லாம் கடைக்காரருக்கும் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முந்தின வருஷம் ஆடி அமாவாசைக்கு லீவு கேட்டபோது, பெட்டிக்கடையில் ஒரு கட்டு பீடி வாங்கி என் கையில் கொடுத்து, "அப்பாவுக்கு என் சார்பா வெச்சிடச் சொல்லும்மா" என்றார். அன்றைக்கு நான் அவரைத் தெய்வம் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் தம்பி போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். செம்மண்டலத்தில் அத்தை வீட்டில் மூன்று வாரம் தங்கி, விடிந்தும் விடியாமலும் கடலூர் மைதானத்தில் ஓடி ஓடி, எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாவற்றிலும் தேறிவிட்டான். பாக்கி இருந்தது ஒன்றுதான். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து, பையன் ஒழுங்கானவன், வில்லங்கம் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். எழுதிவிட்டால் வேலை கைக்கு வந்த மாதிரி. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மாசச் சம்பளம் வாங்கியதில்லை. தம்பி கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்துப் பார்ப்பான். அம்மா பார்த்துவிட்டால் தலைவாருவது மாதிரி கையை மாற்றிக்கொள்வான்.

அந்த நேரத்தில்தான் இரண்டு கைதிகள் தப்பித்தார்கள். கொலைக் கேஸ். கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தபோது, வண்டியிலிருந்து இறங்கி ஓடிவிட்டார்கள். கடைசியாக அவர்களைப் பார்த்தது பரங்கிப்பேட்டை போகிற ரோட்டில் என்று யாரோ சொன்னார்கள். அது போதாதா? பரங்கிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் காடு. கணக்கில்லாத வாய்க்கால், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். வேர் எது, ஆள் கால் எது என்று தெரியாது. போலீஸ் அங்கே படகில் தேட ஆரம்பித்தது. ஊர் டீக்கடையில் தேட ஆரம்பித்தது.

அவர்கள் படத்தை நகல் எடுக்க ஏட்டு ஒருவர் எங்கள் கடைக்குத்தான் வந்தார். அவர் கொண்டுவந்ததே ஒரு நகலின் நகல். அதை வைத்து நான் கட்டுக்கட்டாகப் போட்டேன். நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க முகம் கறுத்துக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு மீசை, நாலு பள்ளம், அவ்வளவுதான் மிஞ்சியது. "சார், அசல் போட்டோ இருந்தா குடுங்க, தெளிவா வரும்" என்றேன். "இது போதும்மா, தெரியறவனுக்குத் தெரியும்" என்றார் ஏட்டு. அப்புறம் என்ன, எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணாமலை நகர் பக்கம் ஒருவர் தன் வீட்டுக்குப் பால் போடுகிறவன் இவன்தான் என்று சத்தியம் செய்தார். இன்னொருவர் இரண்டு பேரும் திருவதிகை கோயில் வாசலில் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

எங்கள் கடை வாசலில் சாயங்காலமானால் கூட்டம். நகல் எடுக்க வந்தவன், எடுக்காதவன், பஸ்ஸை விட்டவன், எல்லாரும் துப்பறிந்தார்கள். கடைக்காரர்தான் அதற்குத் தலைவர்.

"காட்லதான் மச்சான் இருக்கானுங்க. வேற எங்க போவானுங்க? மிலிட்டரியே வந்தாலும் புடிக்க முடியாது."

"இலங்கைக்குப் போயிருப்பானுங்க மாமா. படகு புடிச்சா ஒரு ராத்திரி."

"படகுக்கு எவன் டீசல் ஊத்துவான்? காட்லதான்."

நான் மெஷினுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவள் என்கிற திமிர். "அண்ணே, அதுக்குள்ள குடிக்கத் தண்ணி கெடையாது. எல்லாம் உப்பு. தண்ணி இல்லாம ரெண்டு நாள் தாங்க முடியாது. அவனுங்க அங்க இருக்க மாட்டானுங்க" என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.  கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அப்படின்னா யாரோ தண்ணி கொண்டு போய் குடுக்கறாங்க."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. என் வார்த்தையை எடுத்தே கயிறு திரித்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அமாவாசை. தேடுகிறார்களே, இந்த மாசம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "போலீசு தேடுறானுங்கன்னு செத்தவங்க பட்டினி கெடக்கணுமா?" என்றாள். தம்பி விடிந்ததும் போய் வைத்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் நாள் சாயங்காலம் புரோட்டா வாங்கப் போக வேண்டும் என்று நான்தான் கடைக்காரரிடம் சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்டேன். "ரெண்டு பேருக்கு பார்சல் வாங்கணும்ண்ணே, தம்பி காலைல காட்டுக்குப் போவுது" என்றேன். அவர் போகச் சொல்லிக் கையசைத்தார். பீடி வாங்கித் தந்த அதே கை.

அமாவாசை அன்று மத்தியானமே ஒரு டிவிக்காரன் மைக்கோடு கடைத்தெருவில் நின்றான். கடைக்காரர் போட்டிருந்த சட்டையை மாற்றிக்கொண்டு போனார். ஊரே பார்த்தது. போன வாரம் சொந்தக்காரர்களோடு படகுச் சவாரி போனதாகவும், திட்டில் இரண்டு பேர் நின்று கையாட்டியதைத் தானே கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். "உள்ளூர் பையன் ஒருத்தன் புரோட்டாவும் தண்ணியும் கொண்டு போய் குடுக்கறான் சார். அவன் போலீஸ் வேலைக்கே செலக்ட் ஆயிருக்கான். அதான் கொடும" என்றார். போன வாரம் முழுக்க அவர் கடையை விட்டு நகரவில்லை. எனக்குத் தெரியாதா? கல்லாவில் அவர் இருந்தார், மெஷினில் நான் இருந்தேன்.

அன்றைக்கே போலீஸ் படகு எங்கள் திட்டுக்குப் போனது. இரண்டு பொட்டலம், இரண்டு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி, பெரிய பாட்டில் தண்ணீர். ஆள் இரண்டு, பொட்டலம் இரண்டு. கணக்கு சரியாக இருந்தது. தம்பியை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்குப் படையல் வைத்தேன் என்று அவன் சொன்னானாம். "செத்தவனுக்கு எதுக்குடா அவ்ளோ தண்ணி?" என்று கேட்டார்களாம்.  அம்மா சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்?

அம்மா பஸ் ஏறி சிதம்பரம் வந்தாள். கடை வாசலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், ரோட்டோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி அந்தக் கடையைப் பார்த்துத் தூற்றினாள்.  மண் மெஷினுக்குள் விழுந்தது. நான் துடைக்கவில்லை.

"நான் பேரு எதுவும் சொல்லலம்மா" என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

"பேரச் சொல்லிருந்தா கூட தேவலண்ணே. அது எங்க அப்பாவுக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எல்லாரும் கேக்கறப்ப என்னா பண்றது? பேச்சுவாக்குல வந்துடுச்சி."

பேச்சுவாக்கில். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் வளையும். அந்த நிமிஷம் அவர் நாக்கைப் பிடித்து மெஷின் மூடிக்குக் கீழே வைத்து அமுக்க வேண்டும் போலிருந்தது. அழவில்லை. வேலையை விட்டும் போகவில்லை. ஏட்டு இன்னொரு கட்டு நகலுக்கு வருவார் என்று தெரியும். காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வந்தார். நகலை எண்ணிக் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னேன். "சார், எங்க அண்ணனையே கேளுங்க. எந்தத் திட்டு, எத்தன பொட்டலம், யாரு கையாட்டுனதுன்னு பக்கத்துல நின்னு பாத்தவர் மாதிரி சொல்றாரு. போன வாரம் முழுக்க கடையிலதான் இருந்தாரு. அப்பறம் எப்படி சார் தெரிஞ்சிது?" இதில் ஒரு பொய் இருக்கிறதா? இல்லை. ஏட்டு நகலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்காரரை எழுந்து வரச் சொன்னார்.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு தடுமாறியதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது. மத்தியானம் போனவர் சாயங்காலம் வந்தார். வேட்டியெல்லாம் அழுக்கு. படகில் போகவே இல்லை, எதையும் பார்க்கவே இல்லை, அது படையல் என்று முன்பே தெரியும் என்று அங்கே ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருந்தார். மறுநாள் தம்பியை விட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டான். 

அந்த இரண்டு பேரும் பத்துப் பதினைந்து நாளில் பிடிபட்டார்கள். வேறு மாநிலத்தில், ஒரு செங்கல் சூளையில், தப்பித்த மூன்றாம் நாளிலிருந்தே கல் அறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காட்டையே அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். தம்பியோடு ஓடினவர்களுக்கெல்லாம் ஆர்டர் வந்தது. தம்பிக்கு வரவில்லை. கடலூருக்கு நடையாக நடந்து கேட்டதில், விசாரணை சரியில்லை என்று எழுதிவிட்டார்கள் என்றார்கள். எழுதிய தேதியில் அவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். வேறு எப்படி எழுதுவார்கள்?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஒரு பழைய மெஷின் பிடித்து, அந்தக் கடைக்கு நேர் எதிரிலேயே கடை போட்டேன். வேறு தெருவில் மலிவாக இடம் கிடைத்தது. வேண்டாம் என்றேன். அவர் ஷட்டரைத் தூக்கினால் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். காலேஜ் பிள்ளைகளுக்கு பைண்டிங் எப்படிச் செய்தால் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் கூட்டம் என் பக்கம் வந்துவிட்டது. அவர் ஈ ஓட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது மட்டும் போதவில்லை. அந்த செங்கல் சூளைச் செய்தியை வெட்டி, பெரிதாக்கி, அதன் கீழே என் கையெழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். "இவர்கள் ஒரு நாள்கூடக் காட்டுக்குள் வரவில்லை. கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவர் எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேச்சால் என் தம்பிக்குப் போலீஸ் வேலை போனது." வெயிலில் நிறம் போகும். போனதும் புதிதாக ஒன்று எடுத்து ஒட்டுவேன். நகலிலிருந்து நகல் எடுத்தால் கறுத்துவிடும் என்பதால், அசலை மேஜை டிராயரில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். நாலு வருஷம் ஒரு எழுத்து மங்காமல் இருந்தது. வருகிறவர்கள் படிப்பார்கள், திரும்பி எதிர்க்கடையைப் பார்ப்பார்கள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அந்த ஒரு காட்சிக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தேன்.

தம்பி பிச்சாவரத்தில் டூரிஸ்ட் படகு தள்ளினான். வெளியூர்க்காரர்கள் ஏறியதும், "அந்த ரெண்டு பேர் ஒளிஞ்சிருந்த எடம் எதுப்பா?" என்று கேட்பார்களாம். முதலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தான். பிறகு கேட்காத மாதிரி துடுப்பைப் போட்டான். ஆனால் விடவில்லை. மறுபடியும் படித்து, மறுபடியும் ஓடி, தீயணைப்பு வேலைக்குத் தேர்வானான். வயது வரம்பில் அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குள் நாங்கள் சிதம்பரத்துக்கே குடிவந்திருந்தோம். வேறு ஸ்டேஷன், வேறு ஆட்கள், பழைய கேஸ் என்று எதுவும் இல்லை. விசாரணை ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். பேண்ட் சட்டை, கையில் ஃபைல். ஏதோ நகல் எடுக்கக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் ஒட்டியதை நிதானமாகப் படித்தார்.

"யாரும்மா இது, உங்க தம்பியா?"

கேட்டால் போதும், எனக்கு வாய் ஓயாது. முழுக் கதையையும் சொன்னேன். ஸ்டேஷனில் வைத்தது, நாலு நாள் விசாரித்தது, வேலை போனது, இப்போது தீயணைப்புக்குத் தேர்வாகியிருப்பது வரைக்கும். எதிர்க்கடையைக் கைநீட்டிக் காட்டினேன். "இதுல ஒரு காப்பி கெடைக்குமா?" என்றார். அசலை எடுத்து, நல்ல தாளில், தெளிவாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். நியாயத்தைத் தெரிந்துகொள்ள ஒருவராவது வந்தாரே என்று சந்தோஷமாக இருந்தது.

ஒரு மாசம் கழித்துத் தம்பி கடைக்கு வந்தான். கடலூரிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெஷின் மேல் வைத்தான். என் கையெழுத்து.

"இந்தத் தடவையும் வேல இல்லன்னுட்டாங்க. ஃபைல்ல இத வெச்சிருந்தாங்கக்கா. நான் கெஞ்சிக் கேட்டதால ஒரு காப்பி குடுத்தாங்க. பழசு எதுவுமே அவுங்களுக்குத் தெரியாதாம். உங்க அக்காவே எழுதிக் குடுத்துருக்காங்களேன்னு சொல்றாங்க."

 அன்றைக்கு ஃபைலோடு வந்து காப்பி வாங்கிப் போனவர்தான் விசாரணைக்கு வந்தவர் என்று அப்போதுதான் புரிந்தது.

"எதிர்க்கட ஆளு ஒரே ஒரு நாள்தான் சொன்னாரு. ஊரு ஒரு வருசத்துல மறந்துடுச்சி" என்றான். குரலை உயர்த்தவில்லை. "நீதான்க்கா நாலு வருசமா மங்க மங்க புதுசா ஒட்டுன."

பிளேடும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கண்ணாடியைச் சுரண்டினேன். நாலு வருஷத்துப் பசை, லேசில் வரவில்லை. எதிர்க்கடைக்காரர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். வழக்கம்போல முறைக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே வந்தபோது தம்பி டிராயரைத் திறந்து அசலை எடுத்திருந்தான். கிழித்துப் போடுவான் என்று நினைத்தேன். கவரோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "நாளைக்கி அமாவாச. புரோட்டா வாங்கி வெச்சிடு, இதையும் அதோட வெச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கு மன்னிக்க வராது என்று முதலிலேயே சொன்னேன். அது அவருக்கு மட்டும் சொன்னதில்லை.